அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாச்சு, இந்திய பாஸ்போர்ட் 2029 வரை இருக்கு: சரண்டர் அங்கேயா, வேலூர் வந்தா?

கோட்டை அகழி:

அக்காவுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைச்சு ஐந்து மாசம் ஆகுது. நர்ஸ் வேலை, வீடு நியூ ஜெர்சியில். அமெரிக்க பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துடுச்சு. இந்திய பாஸ்போர்ட்டில் 2029 வரை தேதி இருக்கு. ஆனி மாசம் குடியாத்தத்தில் வீட்டு விசேஷம், கட்டாயம் வரணும். இங்கே ஆளுக்கொரு யோசனை சொல்றாங்க, அதனால தெரிஞ்சவங்க கிட்ட கேட்டுடலாம்னு.

முதல் சந்தேகம்: தேதி முடியாத இந்திய பாஸ்போர்ட்டிலேயே இந்த ஒரு தடவை வந்துட்டு, வேலூர் தலைமைத் தபால் நிலையத்துல இருக்கிற பாஸ்போர்ட் மையத்தில் ஒப்படைச்சா போதுமா?

அடுத்தது பேர் பிரச்சினை. பேரை மாத்தித்தான் எழுதறேன். இந்திய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, "செல்வி குப்புசாமி" முழுசும் கிவன் நேம் கட்டத்தில். அமெரிக்க விசாவில் அதுவே தலைகீழாகி, முதல் பேர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ.ன்னு அச்சாச்சு. கிரீன் கார்டிலும் அப்படியே. குடியுரிமை வாங்கறப்போ செல்வின்னு முதல் பேரும், மாமா பேரை சர்நேமாவும் மாத்திக்கிட்டாங்க. இப்போ பழைய பாஸ்போர்ட் ஒரு பேர், புதுசு ஒரு பேர்.

பிறந்தது அம்மா வீட்டில், வாணியம்பாடி. பிறப்புச் சான்றிதழில் வடாற்காடு மாவட்டம், இந்திய பாஸ்போர்ட் எடுத்தப்போ வேலூர் மாவட்டம், இப்போ அந்த ஊர் திருப்பத்தூர் மாவட்டத்தில். பாரத்தில் எதைப் போடறது?

அப்பா பேரில் குடியாத்தம் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கு. அதுக்கு ஏதாவது சிக்கல் வருமா?

பாலாற்று மணல்:

முதல் கேள்விக்குப் பதில்: கூடாது. 1955ஆம் வருஷத்து குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவுப்படி, சொந்த விருப்பத்தில் இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கின அந்த நாளே இந்தியக் குடியுரிமை தானாக முடிஞ்சுது. உங்க அக்கா விஷயத்தில் உறுதிமொழி எடுத்த தேதிதான் அந்த நாள். பாஸ்போர்ட்டில் அச்சான 2029 அதை நீட்டிக்காது. அந்தப் புத்தகம் இப்போ செல்லாத பயண ஆவணம். சரண்டர்னு நாம சொல்றது, ஏற்கெனவே போன குடியுரிமைக்குக் கணக்கு முடிக்கிற வேலைதான். புத்தகத்தைக் கொடுத்து, இன்னார் இந்தத் தேதியில் ஒப்படைச்சார்னு சரண்டர் சர்டிபிகேட் வாங்கறது.

அங்கேயே முடிச்சுட்டு வரச் சொல்லுங்க. இந்தியாவில் செய்யவும் வழி இருக்கு. பாஸ்போர்ட் சேவா போர்ட்டலில் சரண்டர் சர்டிபிகேட்டுக்குத் தனி விண்ணப்பம் உண்டு, வேலூர் முகவரிக்கு சென்னை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ்தான் வரும். ஆனா அது அமெரிக்க பாஸ்போர்ட்டில், இந்திய விசாவோடு முறையா உள்ளே வந்து தங்கி இருக்கிறவங்களுக்கு. ரெண்டு வாரம் விசேஷத்துக்கு வர்றவங்க சென்னைக்கும் வேலூருக்கும் அலையறதுல பிரயோஜனம் இல்லை.

அங்கே செய்யற முறை: வெளிநாட்டு இந்தியத் தூதரகங்களுக்கான பாஸ்போர்ட் போர்ட்டலில் அக்கவுண்ட் திறந்து சரண்டர் சர்டிபிகேட் விண்ணப்பத்தை நிரப்பணும். முடிச்சதும் ஒரு விண்ணப்ப எண் வரும், அந்தப் பிரிண்ட்டை வெச்சுக்கிட்டு, தூதரகத்துக்காக விண்ணப்பம் வாங்கற தனியார் நிறுவனமான வி.எஃப்.எஸ். தளத்தில் கட்டணமும் அப்பாயிண்ட்மெண்ட்டோ கூரியரோ. நியூ ஜெர்சி முகவரின்னா நியூயார்க் துணைத் தூதரகத்தின் எல்லை. வேலை வேற மாநிலத்தில் இருந்தாலும், இப்போ குடியிருக்கிற முகவரிதான் எந்தத் தூதரகம்னு தீர்மானிக்கும். டிரைவிங் லைசென்ஸில் பழைய முகவரி இருந்தா அதை முதல்ல மாத்திட்டு, இல்லேன்னா கரண்ட் பில் மாதிரி ஒரு சான்றை வெச்சுக்கிட்டுப் போடறது நல்லது.

கூட வைக்க வேண்டியது: அசல் இந்திய பாஸ்போர்ட், அதோட முதல் ரெண்டு பக்கம், கடைசி ரெண்டு பக்கம் நகல். கடைசிப் பக்கத்தை நிறைய பேர் விட்டுடுவாங்க, அப்பா அம்மா பேரும் முகவரியும் முந்தைய பாஸ்போர்ட் எண்ணும் அங்கேதான் இருக்கு. அப்புறம் நேச்சுரலைசேஷன் சர்டிபிகேட் (அமெரிக்கக் குடியுரிமை கிடைச்சதுக்கான சான்றிதழ்) நகல், அமெரிக்க பாஸ்போர்ட் நகல், முகவரிச் சான்று, ரெண்டுக்கு ரெண்டு அங்குல போட்டோ, பேர் மாறியிருந்தா அதுக்கான தாள். எதுக்கு நோட்டரி முத்திரை வேணும்ங்கறது அந்தத் தூதரகத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலில் இருக்கும். அதை அனுப்பற அன்னைக்கு டவுன்லோடு பண்ணுங்க, ஆறு மாசத்துக்கு முன்னாடி யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பினதை வெச்சு வேலை செய்யாதீங்க. கட்டணத்துக்கும் அதே பேச்சு.

பாஸ்போர்ட்டை அங்கேயே வெச்சுக்க மாட்டாங்க. கேன்சல் முத்திரை குத்தி சர்டிபிகேட்டோடு திருப்பி அனுப்புவாங்க. ரெண்டையும் பத்திரமா வைங்க, பின்னாடி ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா தர்ற அட்டை) விண்ணப்பத்தில் ரெண்டும் கேட்பாங்க.

வாலாஜா ரோடு:

தேதி இருக்கிற இந்திய பாஸ்போர்ட்ல வந்துட்டுப் போனவங்க நிறைய பேர் இருக்காங்க சார். சிஸ்டத்துல எப்படித் தெரியும்? அஞ்சு மாசம்தானே ஆகுது. டிக்கெட் விலை ஏறிட்டே போகுது, விசேஷத்தைத் தள்ளிப் போடவும் முடியாது. இவ்வளவு பயமுறுத்தணுமா?

பாலாற்று மணல்:

பயமுறுத்தல் ஒண்ணும் இல்ல, பயணத்தை ஒவ்வொரு கவுண்ட்டரா நடந்து பாருங்க. அமெரிக்கக் குடிமகன் அந்த நாட்டை விட்டுப் போறதும் திரும்பறதும் அமெரிக்க பாஸ்போர்ட்டில்தான்னு அங்கே சட்டம். அதை மீறி இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டி ஏறி, சென்னையில் இந்தியக் குடிமகள் வரிசையில் நின்னு வருகை முத்திரையும் வாங்கிட்டாங்கன்னு வைங்க. திரும்பறப்போ ஏர்லைன் கவுண்ட்டரில் அமெரிக்காவுக்குள் போக என்ன இருக்குன்னு கேட்பாங்க. கிரீன் கார்டு இல்லை, உறுதிமொழி எடுக்கிற அன்னைக்கே அதைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. இந்திய பாஸ்போர்ட்டில் செல்லுபடியான அமெரிக்க விசாவும் இல்லை. அப்போ அமெரிக்க பாஸ்போர்ட்டை எடுக்கணும். அடுத்த கவுண்ட்டர் குடியேற்றம்: ஒரு புத்தகத்தில் வருகை முத்திரை இருக்கு, இன்னொரு புத்தகத்தில் இந்திய விசாவே இல்லை. ரெண்டு புத்தகமும் ஒரே மேஜையில். யாரும் சிஸ்டத்தில் தேட வேண்டிய அவசியமே வராது.

அதுக்கப்புறம் சரண்டர் பண்ணப் போனாலும், குடியுரிமை வாங்கின பிறகு இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் பண்ணியிருக்கான்னு பக்கங்களைப் புரட்டுவாங்க. முத்திரைத் தேதி நேச்சுரலைசேஷன் தேதிக்குப் பிறகு இருந்தா, சாதாரணக் கட்டணத்துக்கு மேல அபராதம்.

இன்னொண்ணு, யாராவது "ரினியூ பண்ணி வெச்சுக்கோ"ன்னு யோசனை சொன்னா காதுலயே வாங்காதீங்க. இந்தியக் குடிமகன் இல்லாத ஒருத்தர் அந்தச் சங்கதியை மறைச்சு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிச்சா, 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவு 1ஏ உட்பிரிவு: ஒரு வருஷத்துக்குக் குறையாம அஞ்சு வருஷம் வரை சிறை, கூடவே 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம்.

காட்பாடி ஜங்ஷன்:

பேர் பிரச்சினைக்கு வரேன். நம்ம பக்கத்து ஆளுங்க விண்ணப்பம் திரும்பி வர்றதுக்கு இதுதான் முதல் காரணம். இனிஷியல் வெச்சே வளர்ந்த ஊர், சர்நேம்ங்கற கட்டத்துக்கு நம்ம கிட்ட பதிலே கிடையாது.

விதி சுலபம்தான். சரண்டர் விண்ணப்பத்தில் விண்ணப்பதாரர் பேர், ரத்தாகப் போற அந்த இந்திய பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே. சர்நேம் காலின்னா இங்கேயும் காலி, அதுல எஃப்.என்.யூ.ன்னோ கோடோ புள்ளியோ போடாதீங்க. எஃப்.என்.யூ.ங்கறது முதல் பேர் தெரியலைன்னு அமெரிக்கக்காரன் தன் கணினிக்காகப் போட்டுக்கிட்ட மூணு எழுத்து, இந்திய ஆவணத்தில் அதுக்கு இடமில்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட் விவரம் கேட்கிற கட்டத்தில் மட்டும் புதுப் பேர். ஓ.சி.ஐ. விண்ணப்பம் இதுக்கு நேர் எதிர்: அங்கே பேர் முழுக்க அமெரிக்க பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஒரு எழுத்து பிசகாம. பழைய பேரை, எப்பவாவது பேர் மாத்தினீங்களாங்கற கேள்விக்குக் கீழே தரணும். இந்த ரெண்டு பாரத்தையும் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து நிரப்பறவங்கதான் பேரை மாத்தி மாத்திப் போட்டுடறாங்க.

"செல்வி குப்புசாமி"யும் புதுப் பேரும் ஒரே ஆள்னு காட்டற தாள் எதுன்னு இப்பவே தேடி எடுங்க. நேச்சுரலைசேஷன் சமயத்தில் பேர் மாத்தியிருந்தா அது நீதிமன்றம் நடத்தின உறுதிமொழி நிகழ்ச்சியாத்தான் இருக்கும், குடியேற்றத் துறை அதிகாரி நடத்தற நிகழ்ச்சியில் பேர் மாத்தற அதிகாரம் இல்லை. அந்த நாள் பேர்மாற்ற மனுவின் சான்றிட்ட பிரதி ஒண்ணு கொடுத்திருப்பாங்க. சர்டிபிகேட் புதுப் பேரில் மட்டும் இருக்கும், பழைய பேரையும் புதுப் பேரையும் சேர்த்துக் காட்டறது அந்த ஒத்தைத் தாள்தான். அதை ஃபைலில் எங்கேயோ செருகி மறந்திருப்பாங்க, கேளுங்க. கணவர் பேர் சேர்ந்ததால திருமணச் சான்றிதழ் நகலும் கூட வைக்கலாம். ஆனா திருமணச் சான்றிதழில் அக்கா பேர் "கு. செல்வி"ன்னு இனிஷியலோட இருந்தா அது மூணாவது பேராகிடும். அப்போ இனிஷியலை விரிச்சு, மூணும் ஒருவரேன்னு நோட்டரி முன்னாடி ஒரு அபிடவிட் போட்டு இணைச்சுடறது மேல்.

மாவட்டத்துக்கு: ரொம்ப யோசிக்க வேண்டாம். பழைய இந்திய பாஸ்போர்ட்டில் பிறந்த இடம்னு என்ன அச்சாகி இருக்கோ அதையே போடுங்க. 1989ல் வடாற்காடு ரெண்டாப் பிரிஞ்சுது, பிறகு நம்ம பாதிக்கு வேலூர்னு பேர் வந்துது, 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாப் போச்சு. ஊர் நகரலை, தாசில்தார் ஆபீஸ் போர்டுதான் மாறுது. அமெரிக்க பாஸ்போர்ட்டில் வெளிநாட்டில் பிறந்தவங்களுக்கு நாட்டுப் பேர் மட்டும்தான் அச்சாகும், வெறும் இந்தியான்னு. அதனால மோதல் வராது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும், அதுல ஊர்ப் பேரே வரும். ஒண்ணுல வாணியம்பாடி, இன்னொண்ணுல வேலூர்னு இருந்தா விளக்கம் கேட்பாங்க.

ஆம்பூர் தோல்மண்டி:

இதைப் படிக்கிற சிங்கப்பூர்காரங்களுக்கு ஒரு வரி: உங்க வரிசையே வேற. மேலே சொன்னது குடியுரிமை வாங்கிட்டு வந்து பாஸ்போர்ட்டை ஒப்படைக்கிற முறை. சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமை ஒத்துக்காது. முதல்ல அவங்க குடியேற்றத் துறை கொள்கையளவு ஒப்புதல் கடிதம் தரும், அதை வெச்சு இந்தியத் தூதரகத்தில் குடியுரிமையைத் துறக்கணும், பிறகுதான் அங்கே உறுதிமொழி. அது 8ஆம் பிரிவு, நீங்களே கையெழுத்துப் போட்டுத் துறக்கறது. 18 வயசாகாத பிள்ளைங்க இருந்தா, பெற்றவர் 8ஆம் பிரிவில் துறக்கறப்போ பிள்ளையோட இந்தியக் குடியுரிமையும் சேர்ந்து போகும். வயது வந்து ஒரு வருஷத்துக்குள்ள திரும்பக் கேட்க அந்தப் பிரிவிலேயே இடமும் இருக்கு.

ஜெர்மனியில் இருக்கிறவங்க 2024 ஜூன் 27லிருந்து ரெண்டு குடியுரிமை வெச்சுக்கலாம்னு சந்தோஷப்படறாங்க. அது ஜெர்மனி விட்டுக்கொடுத்தது. இந்தியச் சட்டம் அந்தத் தேதியில் ஒரு எழுத்தும் மாறலை. கிரீன் கார்டு, பி.ஆர். (நிரந்தரமா தங்கற அனுமதி) மட்டும் இருக்கிறவங்க இந்தப் பேச்சிலேயே வரலை, உங்க பாஸ்போர்ட் உங்க கிட்டயே இருக்கட்டும்.

கோட்டை அகழி:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மனு நகல் இருக்காம், அக்கா தேடி எடுத்துட்டாங்க. ஒரு சந்தேகம்: ஆனிக்குள்ள சரண்டர், ஓ.சி.ஐ. ரெண்டும் கைக்கு வரலைன்னா? அப்புறம், அக்கா சி.எம்.சி.யில் படிக்கிற காலத்துல முதல்ல எடுத்த பாஸ்போர்ட் ஒண்ணு தொலைஞ்சு போச்சு, அதையும் கேட்பாங்களா?

காட்பாடி ஜங்ஷன்:

தொலைஞ்சது முந்தின பாஸ்போர்ட்டா, கடைசியா செல்லுபடியா இருந்ததா? முந்தினதுன்னா, அதுக்கு அப்புறம் வாங்கினதோட கடைசிப் பக்கத்தில் அதன் எண், தேதி, இடம் பதிவாகி இருக்கும், அதுவே போதும். ஒப்படைக்க வேண்டியது கடைசியா வாங்கின புத்தகம். கடைசிப் புத்தகமே தொலைஞ்சவங்களுக்குத்தான் கஷ்டம். எங்கே தொலைச்சாங்களோ அந்த ஊர் போலீஸ் ரிப்போர்ட், எப்படித் தொலைஞ்சுதுன்னு ஒரு அபிடவிட், கிடைக்கிற நகல் எல்லாம் வேணும். தமிழ்நாட்டில் தொலைஞ்சிருந்தா போலீஸ் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுக்கலாம், அதுல பாஸ்போர்ட்டும் அடங்கும். அமெரிக்காவில் தொலைச்சதுக்கு வேலூர் ஸ்டேஷனில் ரிப்போர்ட் எடுத்து அனுப்பினா இடம் ஒத்துவராம திருப்பிடுவாங்க.

பாலாற்று மணல்:

ஓ.சி.ஐ.யை நம்பி டிக்கெட் போடாதீங்க. சரண்டரை அனுப்பி சர்டிபிகேட் வாங்கிட்டு, இந்த ஒரு பயணத்துக்கு இ-விசா எடுக்கச் சொல்லுங்க. இந்திய அரசின் விசா தளம் ஒண்ணுதான், முகவரி கவ் புள்ளி இன் என்று முடியணும். அதே மாதிரி தோற்றத்தில் தரகர் தளங்கள் ஏகப்பட்டது இருக்கு, கூகுளில் முதல்ல வர்றது பெரும்பாலும் அதுதான். 30 நாள் சுற்றுலா இ-விசாவுக்கு வருகைத் தேதிக்கு 30 நாள் முன்னாடிதான் ஜன்னல் திறக்கும், ஒரு வருஷ விசாவுக்கு 120 நாள் முன்னாடி. கடைசி வாரத்தில் பதறாம இருக்க ஒரு வருஷ விசாவே தேவலை. சென்னை விமான நிலையத்தில் இ-விசா ஏற்கறாங்க.

அந்தப் பாரத்தில் குடியுரிமை பிறப்பாலா, நேச்சுரலைசேஷன் மூலமான்னு ஒரு கேள்வி வரும். ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்து, முந்தைய தேசியம் இந்தியான்னு உண்மையைப் போடுங்க. அதை மறைச்சு வாங்கின விசாவை வெச்சுக்கிட்டு நாளைக்கு ஓ.சி.ஐ. கேட்டா, ரெண்டு விண்ணப்பமும் ஒண்ணுக்கொண்ணு பொய் சொல்லும்.

ஓ.சி.ஐ. போடறப்போ போட்டோவில் ஒரு கண்ணி. சரண்டருக்கு எடுத்த வெள்ளைப் பின்னணி போட்டோவையே அதுக்கும் ஏத்திடுவாங்க. ஓ.சி.ஐ. தளம் கேட்கிறது வெள்ளை இல்லாத வெளிர் நிறப் பின்னணி, அகலமும் உயரமும் சமமா இருக்கணும். கையெழுத்துப் படம் உயரம் ஒண்ணுன்னா அகலம் மூணு. போனில் எடுத்த நீளமான படத்தை அப்படியே ஏத்தினா கையெழுத்து நசுங்கிக் கொசு மாதிரி தெரியும். அமெரிக்காவில் ஓ.சி.ஐ. அரசுக் கட்டணம் 275 டாலர், வி.எஃப்.எஸ். சேவைக் கட்டணமும் கூரியரும் தனி. கார்டு வந்த பிறகு, அமெரிக்க பாஸ்போர்ட் புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் கார்டை மாத்த வேண்டாம். உங்க அக்கா வயசுக்காரங்க 50 வயசு தாண்டி பாஸ்போர்ட் மாத்தறப்போ ஒரே ஒரு தடவை, மூணு மாசத்துக்குள்ள புது பாஸ்போர்ட் நகலும் போட்டோவும் தளத்தில் ஏத்தினா போதும், அதுக்குக் காசும் கிடையாது.

சேண்பாக்கம் பத்திரம்:

நிலத்துக்கு நான். அப்பா காலத்துக்குப் பிறகு வாரிசா வர்ற விவசாய நிலத்தை உங்க அக்கா வெச்சுக்கலாம், ஓ.சி.ஐ.க்கு அதுல தடையில்லை. புதுசா விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ வாங்கறதுதான் கூடாது. சத்துவாச்சாரியில் பிளாட்டோ, காட்பாடியில் வீடோ வாங்கலாம். வாரிசா வந்த விவசாய நிலத்தை விக்கணும்னா, வாங்கறவர் இந்தியாவில் வசிக்கிற இந்தியக் குடிமகனா இருக்கணும். கூட வேலை பார்க்கிற இன்னொரு ஓ.சி.ஐ. தோழிக்கு எழுதித் தர முடியாது.

பேர் இங்கேயும் வந்து நிக்கும். வாரிசு சான்றிதழில் தாலுகா ஆபீஸில் "செல்வி, த/பெ குப்புசாமி"ன்னு எழுதுவாங்க, கையெழுத்துப் போடற ஆளோட பாஸ்போர்ட்டில் வேற பேர். மேலே சொன்ன பேர்மாற்ற மனு, சரண்டர் சர்டிபிகேட், கேன்சல் ஆன பாஸ்போர்ட் மூணோட நகலையும் ஒரு செட் குடியாத்தம் வீட்டு பீரோவில் வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க. பட்டா மாற்றத்துக்கு அவசரமா தேவைப்படறப்போ நியூ ஜெர்சியில் ராத்திரி ரெண்டு மணியா இருக்கும்.

தம்பி பேருக்கு பவர் தர்றதா இருந்தா: அங்கே எழுதி, நோட்டரியும் அப்போஸ்டிலும் (வெளிநாட்டில் ஏத்துக்கறதுக்காக அந்த அரசு தர்ற சான்று) இல்லேன்னா தூதரக அட்டெஸ்டேஷனும் வாங்கி அனுப்பினா, அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூணு மாசத்துக்குள்ள இங்கே முத்திரைத் தீர்வை கட்டணும். கூரியர் கவரைத் தூக்கிப் போடாதீங்க, வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம். அக்காவே நேர்ல வர்றதால, விசேஷத்துக்கு முந்தின வாரம் சார்பதிவாளர் ஆபீஸுக்கு ஒரு டோக்கன் போட்டு இங்கேயே எழுதிட்டா இந்த அப்போஸ்டில் வேலையே மிச்சம்.

வாக்காளர் பட்டியலில் பேர் இன்னும் இருந்தா படிவம் 7 கொடுத்து நீக்கிடுங்க. ஸ்மார்ட் ரேஷன் கார்டிலும் அப்படியே. பேங்கில் சாதாரண சேமிப்புக் கணக்கு ஓடிட்டு இருந்தா அதை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிக்கிறவங்களுக்கான ரூபாய்க் கணக்கு) ஆக்கச் சொல்லணும், பாஸ்புக்கோடு அமெரிக்க பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்துட்டுப் போகட்டும். பான் எண் அதேதான், புதுசா இன்னொண்ணு போடாதீங்க. பேரையும் தேசியத்தையும் மட்டும் திருத்தினா போதும்.